எண்ணுகிறவள் எங்கள் மாடிப்படியில் பிறந்தாள்

“தகவல் தந்தவர்: பெண், அறுபது வயதுக்கு மேல். தாய்மொழி பஞ்சாபி. இடம்: தில்லி, துவாரகா, அடுக்குமாடி வீடு. நாள்: பிப்ரவரி, மூன்றாம் செவ்வாய், மாலை. நம்பிக்கை: கோடைக்காலத்தில் ஒரு பெண் உருவம் வீட்டு வாசலில் வந்து நிற்கும். வாசலில் புள்ளிக்கோலம் இருந்தால் புள்ளிகளை எண்ணத் தொடங்கி, கோடுகளில் சிக்கி, எண்ணிக்கை தவறித் திரும்பிப் போய்விடும். கோலம் இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர்களை எண்ணும். பெயர்: கின்னேவாலி, அதாவது எண்ணுகிறவள். தோற்றம்: தென்னிந்தியா, மிகப் பழமையானது.”

இந்தத் தாளை எனக்கு அனுப்பியவள், முனிர்காவில் அறையெடுத்துத் தங்கி நாட்டார் நம்பிக்கைகளை ஆராயும் ஒரு மாணவி. திண்டுக்கல் பக்கத்துப் பெண். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தந்திருக்கிறேன். தில்லித் தமிழ்க் குடும்பங்களைப் பற்றிக் குறிப்பு சேர்ப்பவள் என்று யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். “மேடம், இது நம்ம ஊர்ல எந்தப் பக்கத்து வழக்கம்னு மட்டும் சொல்லுங்க, ஒரு வரி போதும்” என்று கீழே எழுதியிருந்தாள்.

அது எந்த ஊர் வழக்கமும் இல்லை. ஆர்.கே.புரத்து அரசாங்கக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில், ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், ஒரு மதியம் நான் சொன்ன பொய் அது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து நெருப்பு அணைந்திருந்தது.

இதைப் படிக்கப்போகும் நீங்கள் பெரும்பாலும் அதே மாதிரிக் குடியிருப்புகளில் என்னோடு வளர்ந்தவர்கள். அதனால்தான் ஆண்டையும் செக்டரையும் ப்ளாக் எண்ணையும் எழுதாமல் விடுகிறேன். எழுதினால் அந்த எதிர்வீட்டுக்காரர்கள் யாரென்று உங்களில் பத்துப் பேருக்காவது தெரிந்துவிடும். தேதி விஷயத்தில் நான் இப்படி மழுப்புவது இதுவே முதல் தடவை.

அந்தக் காலத்து மே மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். பதினோரு மணிக்கே லூ, அந்த அனல்காற்று, வீசத் தொடங்கிவிடும். ஜன்னலில் கட்டிய கஸ் தட்டியில் ஒரு சொம்பு தண்ணீர் அடித்தால் வெட்டிவேர் வாசனை வீடு முழுக்க ஏறும். கால் மணியில் காய்ந்துவிடும். மறுபடி அடிக்க வேண்டும். அது என் வேலை. தண்ணீர் குழாயில் காலையிலும் மாலையிலும்தான் வரும் என்பதால் எண்ணி எண்ணி அடிப்பேன். தட்டி, அதைத் தூக்கிக் கட்டிய சணல் கயிறு, தண்ணீர் குளிர வைக்கும் மூக்கு உடைந்த சுராஹி, எதுவும் இப்போது என்னிடம் இல்லை.

மதியங்களில் பெரியவர்கள் தூங்குவார்கள். பிள்ளைகள் எல்லாரும் மாடிப்படியில். சிமெண்டுப் படி சில்லென்றிருக்கும். எங்கள் இரண்டாம் மாடியில் எதிரெதிராக இரண்டு வாசல்கள், நடுவில் நாலடி நடை. எதிர்வீட்டில் ஒரு பஞ்சாபி அம்மா, அவளுடைய மூத்த பெண், இரண்டு வயதுப் பையன். மூத்தவளுக்கும் பையனுக்கும் நடுவில் இரண்டு குழந்தைகள் பிறந்து தங்கவில்லை என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அந்த அம்மாவின் கணவர் மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலையில் இருப்பார்.

என் அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இந்தியில் அவளுக்குத் தெரிந்தது பாலும் தக்காளியும் வாங்கும் அளவு. காலையில் எழுந்ததும் வாசலில் அரிசி மாவால் சிக்குக் கோலம் போடுவாள். அது ஒன்றுதான் அங்கே அவள் யாரிடமும் கேட்காமல் செய்யக்கூடிய காரியம். ஏழு மணிக்குள் எதிர்வீட்டு மூத்த பெண் வெளியே வந்து அதைச் செருப்பால் தேய்த்துவிடுவாள். அவளுக்குப் பதினொரு வயது.

“ஏ இட்லி, தேரீ மம்மி நே ஃபிர் ஆட்டா கிரா தியா” என்பாள். உன் அம்மா மறுபடியும் மாவைக் கொட்டிவிட்டாளே என்று. மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சில நாள் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் அம்மா அந்த அழிந்த கோலத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று மதியம்தான் நான் எண்ணுகிறவளைச் சொன்னேன். லூ காற்று படிக்கட்டுக்குள் புகுந்து ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அது காற்று இல்லை, ஒரு பொம்பளை, எங்கள் ஊரிலிருந்து வந்திருக்கிறாள், எதைப் பார்த்தாலும் எண்ணுவாள், எண்ணி முடித்ததைக் கொண்டுபோவாள் என்றேன். கோலத்துப் புள்ளிகளை அவளால் எண்ண முடியாது. கோடு வளைந்து வளைந்து ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடும். அதனால்தான் என் அம்மா போடுகிறாள்.

“மிட் ஜாயே தோ?” என்று மூத்த பெண் கேட்டாள். அழிந்துபோனால்?

“அப்ப உள்ள இருக்கிறவங்கள எண்ணுவா.”

அவள் காலைத் தூக்கித் தன் செருப்பின் அடியைப் பார்த்தாள். அங்கே மாவு ஒட்டியிருந்தது.

அடுத்த நாள் இன்னும் இரண்டு விதி சேர்த்தேன். கோலம் இல்லாத வாசலைத் தாண்டி வெளியே காலெடுத்து வைக்கிறவர்களை எண்ணுகிறவள் முதலில் எண்ணுவாள். எதிர்வீட்டுப் பெண் காலையில் வந்து தேய்க்காமல் இருக்க அது. கோலம் இல்லாத வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிடவும் கூடாது, குரலையும் எண்ணுவாள். அது, என்னை விட்டுவிட்டு அவள் மற்றவர்களை விளையாடக் கூப்பிடுவதால். இரண்டுக்கும் வேறு காரணமே இல்லை. ஒரு பேயின் சட்டங்கள் இவ்வளவு அற்பமான இடத்திலிருந்து வரும் என்று நான் பின்னாளில் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நான்கு நாள் கழித்து எதிர்வீட்டு அம்மா எங்கள் கதவைத் தட்டினாள். கையில் ஒரு கிண்ணம் ராஜ்மா. “பெஹன்ஜி, ஹமாரே யஹாங் பீ பனா தோ” என்றாள், தன் வாசலைக் காட்டி. அம்மாவுக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். எங்கள் வாசலிலும் போடுங்கள் என்கிறார்கள்.

அவள் போனதும் அம்மா என் காதைப் பிடித்தாள். “ஏட்டி, என்னத்தச் சொல்லி வச்சிருக்க அந்தப் பிள்ளைககிட்ட?”

எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மா ராஜ்மாக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேற எத்தன வீட்டுல கேக்காவ?” என்றாள்.

அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அப்போது தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் எங்கள் படிக்கட்டின் எட்டு வீட்டிலும் அம்மாவின் கோலம். காலை ஐந்தரைக்குக் கோலமாவு டின்னோடு இறங்குவாள். ஏழு மணிக்கு ஏறி வருவாள், முகத்தில் வேர்வையும், நான் அதுவரை பார்த்திராத ஒரு நிமிர்வும். பெண்கள் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். லஸ்ஸி கொடுத்தார்கள். தரைவீட்டுக்காரர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கை ஒடிந்த அன்று அவர் வாசல் கோலத்தை யாரோ மிதித்திருந்தார்கள் என்று கண்டுபிடித்தார்கள். அப்பா ஒரு அமைச்சகத்தில் மேல்நிலை எழுத்தர். “பஸ் ஸ்டாப்புல எல்லாவனும் எனக்கு வணக்கம் சொல்லுதான்” என்று சிரித்தார். “உன் பொண்டாட்டிக்கு என்னமோ சக்தியாம்லா. எனக்குத்தான் தெரியாமப் போச்சு.”

“சக்தி இல்லாமயா உங்களோட குடித்தனம் பண்ணுதேன்” என்றாள் அம்மா.

அவளும் கதையில் சேர்க்கத் தொடங்கினாள். என்னை மொழிபெயர்க்கச் சொன்னாள். யார் வேண்டுமானாலும் போடக் கூடாது; கோடு ஒரு இடத்தில் முட்டி நின்றுவிட்டால் அந்த இடைவெளி வழியாகவே அவள் உள்ளே வந்துவிடுவாள்; தெரிந்த கைதான் போட வேண்டும். இது என் விதி இல்லை, அம்மாவுடையது. எதிர்வீட்டு அம்மா தானே கோலம் பழகிக்கொள்ள ஒரு சிலேட்டில் முயன்றுகொண்டிருந்தாள். அன்றோடு விட்டுவிட்டாள்.

வைகாசி மாதத் தேய்பிறை சப்தமி என் அப்பாவின் அப்பாவுக்குத் திவசம். அந்த வருடம் அது புதன்கிழமை விழுந்தது. பழைய பஞ்சாங்கத்தில் இரண்டு முறை சரிபார்த்திருக்கிறேன். உங்கள் வீடுகளிலும் தெரியும், திவசத்தன்று சடங்கு முடிந்து ஐயர் போகும்வரை வாசலில் கோலம் கிடையாது. அந்த வீட்டுப் பெண் கோலமாவையே தொட மாட்டாள். முந்தின நாள் அம்மா என்னிடம், “நாளைக்குக் காலம்பற வரமாட்டேன்னு எதுத்த வீட்டுல சொல்லணுமே, திவசம்னு இந்தில எப்படிச் சொல்ல?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஷ்ராத் என்று ஒரு வார்த்தை போதும் என்பதைப் பல வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன். “சரி, ஒரு நாள்தான, மத்தியானம் போட்டாப் போச்சு” என்று அம்மா விட்டுவிட்டாள்.

படிக்கட்டு கழுவுகிறவள் வரும் நாள் புதன். விடியற்காலையில் அவள் மேலிருந்து கீழ்வரை வாளி வாளியாக ஊற்றிக் கழுவிவிட்டுப் போனாள். எட்டு வாசலும் வெறுமையானது.

அம்மா ஈரத்தலையோடு சமையலறையில். பம்ப் ஸ்டவ் இரைந்துகொண்டிருந்தது. கூடத்தில் ஐயரும் அப்பாவும். எதையும் தொடாதே என்று என்னைக் கதவோரம் உட்கார வைத்திருந்தார்கள். எட்டு மணி இருக்கும், கதவு தட்டப்பட்டது. மெல்ல மூன்று தட்டு. விரல்களால் தட்டும் சத்தம் இல்லை. கட்டை கட்டையில் படும் சத்தம். எழுந்து திறக்கப் போனவள், கதவுக்கு அடியில் பார்த்தேன். படிக்கட்டு வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அதில் கால் நிழல் இல்லை.

யாரும் நிற்காத கதவு தட்டப்பட்டது.

நான் உண்டாக்கியவள்தான். என் வாயிலிருந்து வந்தவள்தான். இருந்தும், எங்கள் வாசலில் கோலம் இல்லை என்பதுதான் எனக்கு நினைவு வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன், மூச்சையும் எண்ணிவிடுவாளோ என்று. ஒன்பது மணிக்கு மறுபடி மூன்று தட்டு. பிறகு வெகுநேரம் கழித்து ஒரே ஒரு தட்டு. அதன் பிறகு இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்றே கால் வாக்கில் ஐயர் சாப்பிட்டு எழுந்தார். அவரை வழியனுப்ப அப்பா கதவைத் திறந்தார். அம்மா பின்னால் மாவு டின்னோடு நின்றாள். எதிர்வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. நிலைப்படிக்கு உள்ளே, ஒரு அங்குலம்கூடத் தாண்டாமல், எதிர்வீட்டு அம்மா நின்றாள். தோளில் பையன். அவன் தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது, உதடு காய்ந்து வெளுத்திருந்தது. இரவெல்லாம் வாந்தியும் பேதியும், விடிந்ததிலிருந்து நெருப்பாகக் காய்ச்சல். கணவர் ஊரில் இல்லை. அவள் காலடியில் துணி உலர்த்தும் நீளக் கம்பு கிடந்தது. கூப்பிடக் கூடாது, தாண்டக் கூடாது. அதனால் அந்தக் கம்பை நடைக்குக் குறுக்கே நீட்டி எங்கள் கதவைத் தட்டியிருக்கிறாள்.

பெரிய ஆஸ்பத்திரி அங்கிருந்து ஆட்டோவில் பதினைந்து நிமிடம்.

“பெஹன்ஜி, ஜல்தி” என்றாள், சீக்கிரம் என்று. ரகசியம் பேசுவதுபோல, உதட்டால் மட்டும். வாசல் தரையைக் காட்டினாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். போங்கள், ஓடுங்கள், இது ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினால் போதும். அதற்கு இந்திகூட வேண்டாம். அம்மா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து டின்னைத் திறந்து, புள்ளி வைக்க ஆரம்பித்தாள்.

ஏழு புள்ளிக் கோலம். அதே கோலத்தை என் வீட்டுக் கூடத்தில் பின்னாளில் போட்டுப் பார்த்திருக்கிறேன், கடிகாரத்தை வைத்துக்கொண்டு. நான்கு நிமிடம். அம்மாவின் கை வேகம், மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மூன்று நிமிடமும் எதிர்வீட்டு அம்மா அசையவில்லை. கடைசிக் கோடு மூடியதும் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோலம் கலையாமல் கவனமாகத் தாண்டினாள். அதற்குப் பிறகுதான் ஓடினாள். அப்பா செருப்பில்லாமல் பின்னாலேயே இறங்கி ஆட்டோவுக்கு ஓடினார்.

பையன் மாலையில் இறந்துபோனான். உடம்பில் நீர் வற்றிவிட்டது, காலையிலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அப்பா சொன்னார். சொல்லிவிட்டு, “ஏன் அவுக காலைலயே போகல?” என்று எங்களையே கேட்டார்.

அன்று இரவு பாயில் படுத்தபடி, நிஜத்தைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

“சொல்லாத. இப்ப அந்தப் பிள்ளைய ஒரு பேய் கொன்னுருக்கு. நீ வாயத் தொறந்தியன்னா, பெத்தவ கொன்னதா ஆயிரும். அப்புறம் அவ இருப்பாளா?”

இந்த வாக்கியத்தை இன்றுவரை பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். இரக்கமா, தன்னைக் காப்பாற்றிக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகவே அவளிடம் இருந்திருக்கலாம். ஆனால் நடந்தது இது: மறுநாள் காலை அடுத்த படிக்கட்டுப் பெண்களும் எங்கள் வாசலில் நின்றார்கள். கின்னேவாலி ஒரு குழந்தையைக் கொண்டுபோய்விட்டாள். இனி அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். அப்பாவுக்குக் கிட்வாய் நகரில் வேறு வீடு ஒதுக்கப்படும்வரை, மேலும் பதினான்கு மாதம், ஒரு நாள் விடாமல் எல்லா வாசலிலும் போட்டாள். லஸ்ஸியை மட்டும் யார் வீட்டிலும் குடிக்கவில்லை.

அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அப்பா அதற்கு முன்பே. எனவே மாணவியின் தாள் வந்தபோது எனக்குத் தடை எதுவும் இல்லை. முகவரி வாங்கிக்கொண்டு போன மாதம் முதல் ஞாயிறு துவாரகா போனேன்.

தகவல் தந்தவள் அந்த மூத்த பெண்தான். ஒன்பதாவது மாடி. லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் பார்த்தேன்: அவள் வாசலில் மட்டுமில்லை, அந்தத் தளத்தின் நான்கு வாசலிலும் ஏழு புள்ளிக் கோலம், வெள்ளைப் பெயிண்டில், அழியாதபடி. அதில் இரண்டு குடும்பம் புதிதாக வந்தவர்களாம்; அவள் சொல்லித்தான் போட்டிருக்கிறார்கள்.

பேச்சு இந்தியில்தான் நடந்தது. இட்லி என்றே கூப்பிட்டாள், கட்டிக்கொண்டாள். தேநீர் ஆறும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். செருப்பு, மாவு, இரண்டு விதிகள், கதவுக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவள் சிரித்தாள். “அரே பக்லி, பைத்தியக்காரி, நீ கண்டுபிடிச்சியா? உனக்கு அப்ப பத்து வயசு. மூக்கு ஒழுகிக்கிட்டுத் திரிவே. கின்னேவாலியைப் பத்தி எங்க பெரியம்மா நீங்க அந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாலயே சொல்லியிருக்காங்க.”

“இருக்க முடியாது. அன்னிக்கு மத்தியானம்தான் நான்…”

“உங்கம்மாவே எங்கம்மாகிட்ட சொன்னாங்களே. அவங்க ஊர்ல ஒரே வீட்டுல ஏழு பேரை எண்ணிக் கொண்டுபோனதை.” அவள் குரல் இறங்கியது. “நீ எதுக்கு இதை உன் தலையில போட்டுக்கற? அன்னிக்குக் காலையில வாசல் வெறுமையா இருந்துச்சு, அவ என் தம்பியை எண்ணிட்டா. அவ்வளவுதான். எங்கம்மா கடைசிவரைக்கும் உங்கம்மாவை வாழ்த்திக்கிட்டேதான் இருந்தாங்க, தெரியுமா? சாமி காரியம் நடக்கற அன்னிக்கும் பதில் சொன்னாங்களே, அந்த நல்ல மனசு யாருக்கு வரும்னு.”

எனக்குப் புரியவில்லை. என்ன பதில் என்று கேட்டேன்.

“காலையில அம்மா கம்பால தட்டினாங்க இல்ல? ரெண்டாவது தடவை தட்டினப்போ ஆன்ட்டி கிச்சன் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாங்க. அம்மா தம்பியைத் தூக்கிக் காட்டினாங்க. ஆன்ட்டி பார்த்துட்டு, ‘பாத் மேம், பாத் மேம்’னு கையைக் காட்டிட்டுச் சாத்திக்கிட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

பிறகு வருகிறேன், பிறகு. ஒன்பது மணிக்கு.

திரும்பி வந்த மெட்ரோவில் எந்த ஸ்டேஷனையும் நான் கவனிக்கவில்லை. ஒன்பது மணிக்கு அம்மா அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்திருந்தால், ஒன்றே கால் மணிக்கு அவள் குனிந்தது வேறொரு செயல். அந்த மூன்று நிமிடத்தை ஒரு பெண்ணின் தடுமாற்றம் என்று இத்தனை வருடம் வைத்திருந்தேன். அவளுக்கு நாலு மணி நேரம் இருந்திருக்கிறது.

எங்கள் சமையலறையை நினைவிலிருந்து வரைந்து பார்த்தேன். பின்பக்கச் சுவரில் பால்கனிக்கு ஒரு ஜன்னல், அது நிச்சயம். படிக்கட்டுப் பக்கச் சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக டப்பாக்கள். பலகைக்குப் பின்னால் வெறும் சுவரா, சாத்திய ஜன்னலா, அது வரைபடத்தில் வரவில்லை. அந்த ப்ளாக் இப்போது இல்லை. கட்டட வரைபடம் கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அன்று பதினொரு வயது, அவள் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னது நிச்சயமாகத் தவறு என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே அவள் சொன்ன மற்றதும் தவறாக இருக்கலாம்.

உங்களில் அந்த மாதிரிக் குடியிருப்பின் இரண்டாம் மாடி இடதுபக்க வீட்டில் இருந்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். அந்தச் சமையலறையிலிருந்து படிக்கட்டைப் பார்க்க ஒரு ஜன்னல் இருந்ததா, இல்லையா என்பதை இதை எழுதும் இன்றுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.